'டாக்டர் ஜான்ஸ் கம்போ': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1972ஆம் ஆண்டு அட்கோ நிறுவனம் வெளியிட்ட இந்த இசைத்தட்டை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன், கொஞ்சம் எரிச்சலோடு கேட்டவற்றையும்கூட.

இது என்ன ஆல்பம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் சிறுவயதிலும் வாலிபத்திலும் அந்த ஊரின் வீதிகளிலும் வானொலியிலும் கேட்ட, கறுப்பினத்தவரின் ஆட்ட இசையான ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களை எடுத்து மறுபடியும் பாடியிருக்கிறார். பன்னிரண்டு தடங்கள், ஏறக்குறைய 40 நிமிடங்கள். பியானோ நடுவில், பித்தளை வாத்தியங்கள் பக்கத்தில், பின்னால் கூட்டமாகக் கோரஸ்.

கம்போ என்பது அந்த ஊரின் கெட்டியான சூப். வெண்டைக்காய், இறால், கோழி, காரத் தொத்திறைச்சி என்று வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும்.

டாக்டர் ஜான் என்றால் உண்மையிலேயே மருத்துவரா?

இல்லை. இயற்பெயர் மால்கம் ஜான் ரெபெனாக், நண்பர்களுக்கு மேக். பிறப்பு 1941, மறைவு 2019. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸில் வாழ்ந்த, செனகலிலிருந்து வந்தவராகச் சொல்லப்படும் ஒரு மாந்திரீகரின் பெயர் டாக்டர் ஜான். 1968இல் வந்த 'க்ரி-க்ரி' என்ற முதல் ஆல்பத்துக்காக ரெபெனாக் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார். இறகுத் தொப்பி, மணிமாலை, மேடையில் புகை எல்லாம் அதோடு வந்தன. வேடத்தை முதலில் ரோனி பேரன் என்ற பாடகருக்காகத்தான் யோசித்து வைத்திருந்தார். அது கைகூடாததால் தானே போட்டுக்கொண்டார். அந்த ரோனி பேரன் 'கம்போ'வில் ஆர்கன் வாசிக்கிறார்.

ரெபெனாக்கின் அப்பா வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் இசைத்தட்டுகளும் விற்றவர். பையன் பள்ளிக்கூட வயதிலேயே கிட்டாரோடு ஸ்டுடியோக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டான். 1960களின் தொடக்கத்தில் ஒரு தகராறில் துப்பாக்கிக் குண்டு இடது கை விரலைச் சிதைத்தது. தகராறு பேரனைக் காப்பாற்றப் போனதால் வந்தது. கிட்டாரிலிருந்து பியானோவுக்கு அவர் நகர்ந்ததற்கு அந்தக் குண்டுதான் காரணம்.

பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடுவதில் என்ன பெருமை? சொந்தமாக எழுத வரவில்லையா?

எழுத வரும். அடுத்த ஆண்டே, 1973இல், 'ரைட் பிளேஸ் ராங் டைம்' என்ற தன் சொந்தப் பாட்டோடு அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடம் பிடித்தார். அதற்கு முன் நான்கு ஆல்பங்கள் போட்டிருந்தார், எல்லாமே புகைமூட்டமான, மந்திரம் சொல்வது போன்ற இசை. தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லரிடம் பழைய ஊர்ப் பாட்டுகளைச் சும்மா வாசித்துக் காட்டியபோதுதான் இதையே ஒரு தட்டாகப் போடலாமே என்ற பேச்சு வந்தது.

பெருமை எங்கே இருக்கிறது என்றால், பதிவு நடந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதில். டெனர் சாக்ஸஃபோன் வாசிப்பவர் லீ ஆலன். ஃபேட்ஸ் டாமினோ, லிட்டில் ரிச்சர்ட் ஆகியோரின் 1950களின் தட்டுகளில் ஒலிக்கும் அதே மூச்சு. இசை ஒழுங்கமைப்பும் இணைத் தயாரிப்பும் ஹரால்டு பாட்டிஸ்ட். 1961இல் கறுப்பின வாத்தியக்காரர்களே உரிமையாளர்களாக இருந்த ஏ.எஃப்.ஓ. நிறுவனத்தைத் தொடங்கியவர். கார்னெட் என்ற பித்தளைக் குழல் வாசிக்கும் மெல்வின் லாஸ்டி அந்த நிறுவனத்தின் கூட்டாளி. இந்தத் தட்டு வந்த ஆண்டின் இறுதியிலேயே காலமானார். கோரஸில் ஷர்லி குட்மன், ஜெஸ்ஸி ஹில், டாமி லின். இவர்களில் பலர் தங்கள் பெயரிலேயே ஹிட் கொடுத்தவர்கள்.

ஒருவருடைய பாட்டைப் பாடி அவரைக் கௌரவிப்பது சுலபம். அவருடைய சகாக்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து வாசிப்பது வேறு. இந்த ஆல்பத்தை நான் உயர்த்திப் பேசுவதற்குக் காரணம் இதுதான். கீழே வரும் பல பதில்களில் இதையே மறுபடி காட்டுவேன்.

அமெரிக்கா முழுக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் இருந்ததே, நியூ ஆர்லியன்ஸ் மட்டும் என்ன தனி?

தாளம். அங்கே சவ ஊர்வலமானாலும் திருவிழா ஊர்வலமானாலும் பித்தளை பேண்டு முன்னே போகும். அதன் பின்னால் கைக்குட்டையையும் குடையையும் சுழற்றிக்கொண்டு ஆடிவரும் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். நடப்பதற்கும் ஆடுவதற்கும் ஒருசேரப் பொருந்தும் அந்த அடி, தெருவிலிருந்து டிரம் செட்டுக்கு ஏறியது. நம் கணக்கில் சொன்னால், ஓர் அட்சரத்தை மூன்றாகப் பிரிப்பது திஸ்ர நடை, நான்காகப் பிரிப்பது சதுஸ்ர நடை. இந்த ஊர் டிரம்மர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் குச்சியை இறக்குவார்கள். எண்ணிப் பார்த்தால் பிடிபடாது, காலுக்கு மட்டும் தெரியும்.

இரண்டாவது, பியானோ. ஹென்றி ராய்லண்ட் பேர்டு என்ற புரொஃபசர் லாங்ஹேர் (1918–1980) இடது கையில் கியூபாவின் ரும்பா தாளத்தையும் வலது கையில் உருண்டு ஓடும் ப்ளூஸையும் ஒன்றாக வாசித்தார். ஹவானாவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே கப்பல்கள் பல தலைமுறைகளாகப் போய்வந்தவை, அதனால் அந்தக் கலப்பு வானத்திலிருந்து குதித்ததல்ல. அதன்பின் வந்த அந்த ஊர்ப் பியானோக்காரர் எவரும் லாங்ஹேரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஓர் அறை. ராம்பார்ட் தெருவில் கோசிமோ மட்டாசா 1945இல் தொடங்கிய ஜே அண்ட் எம் ஸ்டுடியோ. டாமினோவின் 'த ஃபேட் மேன்' 1949இலும், லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' 1955இலும் பதிவானவை அங்கேதான். ஏறக்குறைய ஒரே வாத்தியக் குழுதான் எல்லாத் தட்டுகளுக்கும் வாசித்தது. அதனால்தான் 'இந்த ஊர்ச் சத்தம்' என்று ஒன்று காதில் பதிந்தது.

ஊருக்கு மரியாதை செய்யும் தட்டை ஏன் லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்தார்கள்? இதுவே ஏமாற்று வேலை இல்லையா?

நல்ல கேள்வி, கோபமும் நியாயம். பதிவு நடந்தது லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் வான் நைஸில் இருக்கும் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில். ஆனால் 1960களில் நியூ ஆர்லியன்ஸின் வாத்தியக்காரர்களே அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன் நடத்திய சோதனைகளால் இரவு விடுதிகள் மூடப்பட்டன, வேலை குறைந்தது. பீட்டில்ஸ் வந்தபின் வானொலியின் ரசனை மாறியது. மட்டாசாவின் தொழிலும் அந்தப் பத்தாண்டின் முடிவில் நொடித்துப்போனது. லீ ஆலன், பாட்டிஸ்ட், ஷர்லி குட்மன் எல்லாரும் கலிஃபோர்னியாவில் பிழைப்பு தேடிப் போனவர்கள். பாட்டிஸ்ட் அங்கே சன்னி அண்ட் ஷேர் ஜோடிக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தார். ரெபெனாக்கும் போதைப்பொருள் வழக்கில் சிறையிலிருந்து 1965இல் வெளிவந்து நேரே அங்கேதான் போனார்.

ஆக, 1972இல் பழைய நியூ ஆர்லியன்ஸ் ஸ்டுடியோக் குழுவில் ஒரு பெரிய பகுதியைக் கூட்ட வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சலஸ்தான் தோதான இடம். ஊரைவிட்டுப் போனவர்களின் ஏக்கம் இந்தத் தட்டில் எனக்குக் கேட்கிறது. ஊரிலேயே இருந்தவர்கள் இப்படியொரு தொகுப்பைப் போட நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

முதல் முறை கேட்பவர் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

முதல் பாட்டில். 'ஐகோ ஐகோ'வை வைத்துத்தான் தட்டு திறக்கிறது. பிடிக்கவில்லை என்றால் நேரே 'டிப்பிட்டினா'வுக்குப் போங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் வற்புறுத்த மாட்டேன்.

'ஐகோ ஐகோ' யாருடைய பாட்டு? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பெயர் போட்டிருக்கிறதே.

மார்டி க்ரா திருவிழாவின்போது நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் குழுக்கள் கையால் மணி கோத்துத் தைத்த இறகு உடைகளோடு 'இந்தியர்' வேடமிட்டு வீதியில் இறங்குவது வழக்கம். அவர்களில் முன்னே வேவு பார்க்கப் போகிறவர் 'ஸ்பை பாய்', கொடி பிடிப்பவர் 'ஃப்ளாக் பாய்', தலைவர் 'பிக் சீஃப்'. இரண்டு குழுக்கள் எதிர்ப்பட்டால் பாட்டாலேயே வம்புக்கு இழுப்பார்கள். அந்த வீதி முழக்கங்களில் சிலவற்றை எடுத்து ஜேம்ஸ் 'ஷுகர் பாய்' க்ராஃபோர்டு 1953இல் 'ஜாக்-எ-மோ' என்ற பாட்டாகப் பதிவு செய்தார். உள்ளூரில் ஓடியது, வெளியே போகவில்லை.

1965இல் அதே ஊர்ப் பெண்கள் மூவர், டிக்ஸி கப்ஸ், ஒரு பதிவின் இடைவேளையில் சாம்பல் கிண்ணத்திலும் பாட்டிலிலும் தாளம் போட்டு 'ஐகோ ஐகோ' என்று பாடினார்கள். பாட்டியிடம் கேட்டுக் கற்ற பாட்டு என்றார்கள். அமெரிக்கப் பட்டியலில் 20ஆம் இடம் வரை போனது. க்ராஃபோர்டு வழக்குப் போட்டார். 1967இல் சமரசம் ஏற்பட்டது. பாட்டின் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு, பொது நிகழ்ச்சி வருமானத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டார். அதற்குள் அவருடைய இசை வாழ்க்கையே முடிந்திருந்தது: 1963இல் நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் காவலர்கள் அவர் தலையில் அடித்ததில் மூளை பாதிக்கப்பட்டது. பிறகு தேவாலயத்தில் மட்டும் பாடினார். 2012இல் மறைந்தார்.

டாக்டர் ஜானின் வடிவம் பட்டியலில் 71ஆம் இடம் வரை போனது. தட்டின் உறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் குறிப்பு எழுதி, எது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார். 1972இல் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

'லெட் த குட் டைம்ஸ் ரோல்' என்று தேடினால் வேறு வேறு பாட்டு வருகிறது. எது சரி?

எல்லாமே சரி, எல்லாமே வேறு. 1946இல் லூயி ஜோர்டன் பதிவு செய்தது ஒன்று. 1956இல் நியூ ஆர்லியன்ஸ் ஜோடி ஷர்லி அண்ட் லீ பாடியது இன்னொன்று. 1960இல் நியூ ஆர்லியன்ஸ் கிட்டார்க்காரர் ஏர்ல் கிங் பதிவு செய்த 'கம் ஆன்' பாட்டுக்கு அடைப்புக்குறிக்குள் வரும் பெயரும் இதேதான். இந்தத் தட்டில் இருப்பது ஏர்ல் கிங்கின் பாட்டு. 1968இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்ததும் அதையே. ராக் ரசிகர்கள் பலர் அதை ஹென்ட்ரிக்ஸின் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1956 பாட்டின் 'ஷர்லி'தான் மேலே கோரஸில் சொன்ன ஷர்லி குட்மன். தன் பெயரால் புகழ்பெற்ற பாட்டின் தலைப்பையே கொண்ட வேறொரு பாட்டு இருக்கும் தட்டில் அவர் பின்னணிக் குரல் கொடுக்கிறார்.

'மெஸ் அரவுண்ட்' ரே சார்ல்ஸின் பாட்டாயிற்றே. அவர் நியூ ஆர்லியன்ஸ்காரர் இல்லையே?

இல்லைதான். 1953இல் ரே சார்ல்ஸுக்காக அதை எழுதியவர் அட்லாண்டிக் நிறுவனத்தின் அகமத் எர்டெகன், துருக்கித் தூதரின் மகன். அட்கோவும் அதே வீட்டின் கிளை என்பதால் முதலாளிக்குச் சலாம் என்று யாராவது சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது.

ஆனால் 1953இல் ரே சார்ல்ஸ் நியூ ஆர்லியன்ஸில் தங்கி வேலை பார்த்தார் என்பதும் உண்மை. கிட்டார் ஸ்லிம் என்பவரின் 'த திங்ஸ் தட் ஐ யூஸ்டு டு டூ' மேலே சொன்ன மட்டாசாவின் ஸ்டுடியோவில் பதிவானபோது பியானோவும் இசை ஒழுங்கமைப்பும் அவர்தான். தவிர, 'மெஸ் அரவுண்ட்' பழைய பூகி-வூகி பியானோத் துணுக்குகளால் ஆனது. ஊர் எல்லைக்கோட்டை அளவுநாடா வைத்துப் பார்த்தால் வெளியே நிற்கும், காதால் கேட்டால் உள்ளே நிற்கும்.

சில பாட்டுகளில் கொலையும் போதையும் வருகிறதாமே? வீட்டில் போடலாமா?

வருகிறது. 1895ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் செயின்ட் லூயிஸ் நகர மதுக்கடை ஒன்றில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸைச் சுட்டுக் கொன்றார். தொப்பியைப் பற்றிய சண்டை. அது நாட்டுப்பாட்டாகி நூறு வடிவங்கள் எடுத்தது. உலகம் அறிந்தது 1959இல் முதலிடம் பிடித்த லாய்டு பிரைஸின் வடிவம். டாக்டர் ஜான் அதைப் பின்பற்றாமல், 1950இல் ஆர்ச்சிபால்ட் என்ற உள்ளூர்ப் பியானோக்காரர் பதிவு செய்த 'ஸ்டேக்-எ-லீ'யின் பக்கம் போகிறார். பெரிய ஹிட்டை விட்டுவிட்டுப் பழைய உள்ளூர்ப் பதிவைத் தேர்ந்ததைக் கவனியுங்கள்.

'ஜங்கோ பார்ட்னர்' 1951இல் ஜேம்ஸ் வெய்ன் பதிவு செய்தது. லூசியானாவின் அங்கோலா சிறைவாசிகளிடையே புழங்கிய பாட்டு. எழுதியவர் என்று தட்டில் இருப்பதோ தயாரிப்பாளர் பாப் ஷாடின் பெயர். சிறையையும் அடிமைப் பழக்கத்தையும் தானே அனுபவித்த ஒருவர் பாடுவதால் இதில் பாசாங்கு இல்லை. ஆங்கிலம் நன்றாகப் புரியும் குழந்தைகள் இருந்தால் இந்த இரண்டையும் தள்ளிவிடுங்கள். மற்றவை ஆட்டத்துக்கும் காதலுக்கும் உரியவை.

கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் கறுப்பர்களின் பாட்டைப் பாடிப் பெயர் வாங்கியதுதானே இது?

இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1959இல் ஹ்யூவி 'பியானோ' ஸ்மித்தும் அவருடைய குழுவும் பதிவு செய்த 'சீ க்ரூஸ்' பாட்டில் குரலை மட்டும் நீக்கிவிட்டு, ஃப்ராங்கி ஃபோர்டு என்ற வெள்ளை இளைஞரின் குரலை ஒட்டி ஏஸ் நிறுவனம் வெளியிட்டது. பெரிய ஹிட். ஸ்மித்துக்கு அந்தக் காயம் ஆறவில்லை. ரெபெனாக்கும் வாலிப வயதில் அதே ஏஸ் நிறுவனத்துக்கு வேலை செய்தவர்தான். இந்தத் தொழில் எப்படி நடந்தது என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

'கம்போ'வில் ஸ்மித்துக்கு மூன்று பாட்டுகள் கோத்த ஒரு தொடர் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவர் பெயரிலேயே: 'ஹ்யூவி ஸ்மித் மெட்லி'. 'ஹை பிளட் பிரஷர்', 1958இல் பட்டியலில் 9ஆம் இடம் வந்த 'டோன்ட் யூ ஜஸ்ட் நோ இட்', 'வெல் ஐ வில் பி ஜான் பிரவுன்'. தலைப்பிலேயே உரியவர் பெயரை எழுதுவது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயமல்ல. அறையில் இருந்தவர்களைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். இத்தனையும் இருந்தும், ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் 2011இல் இடம் கிடைத்தது டாக்டர் ஜானுக்கு. ஹ்யூவி ஸ்மித் 2023இல் மறையும் வரை அது அவருக்கு வாய்க்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ரெபெனாக் அதைத் தன் பங்குக்கு மோசமாக்கவில்லை, அவ்வளவே.

மூலப் பாட்டுகளைவிட இது சிறந்ததா?

பாட்டுக்குப் பாட்டு மாறும். 'டிப்பிட்டினா'வில் தோற்கிறார். 1953இன் லாங்ஹேர் குரலில் இருக்கும் அந்த உடைசல், தடுமாறி விழப்போய் விழாத அந்த நடை, யாருக்கும் வராது. ரெபெனாக்கின் விரல்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கின்றன, அதுவே குறை. 'தோஸ் லோன்லி லோன்லி நைட்ஸ்' பாட்டிலும் 1955இன் ஏர்ல் கிங்தான் என் தேர்வு. அந்தப் பதிவில் பியானோ ஸ்மித்துடையது.

'ஐகோ ஐகோ'வில் ஜெயிக்கிறார். க்ராஃபோர்டிடம் பேண்டு இருந்தது, டிக்ஸி கப்ஸிடம் தெரு இருந்தது. இங்கே இரண்டும் சேர்ந்திருக்கின்றன. கடைசிப் பாட்டான 'லிட்டில் லைசா ஜேன்' ஊர்வலமாகவே முடிகிறது. அதற்கு மூலம் எது என்று தேடுவதே வீண், 1916இலேயே அச்சில் வந்த பழம்பாட்டு.

தட்டு விற்றதா? இதனால் பழைய ஆட்களுக்கு ஏதாவது கிடைத்ததா?

பிரமாதமாக ஒன்றும் விற்கவில்லை. பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 112ஆம் இடம். பின்னாளில்தான் பெயர் ஏறியது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் இடம் பெற்றது.

லாங்ஹேரின் கதை தனி. 1960களின் முடிவில் அவர் ஓர் இசைத்தட்டுக் கடையில் தரை பெருக்கிக்கொண்டிருந்தார். 1971இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவின் மேடைக்கு அழைத்து வரப்பட்டார், கூட்டம் திகைத்துப்போனது. அடுத்த ஆண்டே 'கம்போ' அவருடைய 'டிப்பிட்டினா'வையும், 1964இல் அவர் வாசித்து ஏர்ல் கிங் சீழ்க்கையடித்துப் பாடிய 'பிக் சீஃப்' பாட்டையும் நாடெங்கும் ராக் கேட்பவர்களிடம் கொண்டுபோனது. மீட்சிக்கு இந்தத் தட்டு மட்டுமே காரணம் என்று சொன்னால் விழாக்காரர்களுக்கு அநியாயம். ஆனால் காற்று ஒரே திசையில் அடித்தது. 1977இல் அவருக்கு ஒரு நிரந்தர மேடை வேண்டும் என்று ரசிகர்கள் தொடங்கிய விடுதிக்கு 'டிப்பிட்டினாஸ்' என்றே பெயர், இன்றும் நடக்கிறது.

1992இல் வந்த 'கோயிங் பேக் டு நியூ ஆர்லியன்ஸ்' இதன் இரண்டாம் பாகமா?

அப்படித்தான் விற்கப்படுகிறது, எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நியூ ஆர்லியன்ஸ் இசையமைப்பாளர் காட்ஷாக்கிலிருந்து தொடங்கி ஜாஸ் வழியாக ரிதம் அண்ட் ப்ளூஸுக்கு வரும் வரலாற்றுச் சுற்றுலா. கிராமியும் வாங்கியது. அழகான வேலை, கொஞ்சம் அருங்காட்சியக வாசனை. 'கம்போ'வில் அந்த வாசனை துளியும் இல்லை. காரணம், அதில் வாசித்தவர்களுக்கு இந்தப் பாட்டுகள் நேற்றைய சம்பளம்.

இதைக் கேட்டு முடித்தேன். அடுத்து?

முதலில் லாங்ஹேரின் 1953 'டிப்பிட்டினா'. அதன் வேரைப் பிடிக்க வேண்டுமானால் சாம்பியன் ஜாக் டுப்ரீயின் 'ஜங்கர் ப்ளூஸ்', அதே மெட்டில் பிறந்த டாமினோவின் 'த ஃபேட் மேன்'. மூன்றையும் அடுத்தடுத்து போட்டால் ஒரு மெட்டு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எப்படி உடை மாற்றிக்கொண்டது என்பது விளக்கமில்லாமலே புரியும். பிறகு க்ராஃபோர்டின் 'ஜாக்-எ-மோ', ஹ்யூவி ஸ்மித்தின் ஏஸ் தட்டுகள், ஏர்ல் கிங்.

அவற்றுக்கெல்லாம் பின்னால், லாங்ஹேரின் கடைசி ஆல்பமான 'க்ராஃபிஷ் ஃபியஸ்டா'. 1980இல் அது வெளிவரும் நேரத்தில்தான் அவர் இறந்தார். அதில் டாக்டர் ஜானும் இருக்கிறார். பியானோ பக்கமே போகவில்லை, பழைய கிட்டாரை எடுத்துக்கொண்டு ஓரமாக வாசிக்கிறார்.